முதலில் ஊகம், பிறகு திரை: இலவச இணையக் கருவிகளோடு ஒரு வகுப்பு

இலவச இணையக் கருவிகளின் பட்டியலுக்கு இன்று பஞ்சமில்லை. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் 'வகுப்பறைக்கு ஐம்பது கருவிகள்' என்ற மாதிரி பிடிஎஃப்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் எதை வகுப்புக்குள் கொண்டுபோவது, கொண்டுபோன பிறகு அந்த நாற்பது நிமிடத்தில் என்ன செய்வது என்று சொல்பவர்கள்தான் குறைவு. ஓர் ஆசிரியர், ஒரு லேப்டாப், ஒரு புரொஜெக்டர், நாற்பது பிள்ளைகள், வந்தும் வராமலும் இருக்கும் இணையம். நம் பள்ளிகள் பலவற்றில் நிலைமை இதுதான் என்பதால் இதை வைத்தே எழுதுகிறேன். ஆளுக்கொரு டேப்லெட் இருக்கும் பள்ளிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கரும்பலகை நன்றாகச் செய்கிற வேலையைக் கரும்பலகையிடமே விட்டுவிடுங்கள். வரையறை எழுதுவது, கணக்கைப் படிப்படியாகப் போடுவது, படம் வரைந்து பாகம் குறிப்பது எல்லாம் சுண்ணக்கட்டியில்தான் நன்றாக வரும். கை நகரும் வேகத்துக்குப் பிள்ளைகளின் மனமும் கூடவே வரும். பாடநூலின் வரிகளைப் பவர்பாயிண்டில் ஏற்றித் திரையில் காட்டுவதால் எந்தப் பலனும் இல்லை. பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள், மீதிப்பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

கரும்பலகையால் முடியாத வேலைகள் மூன்று. ஓர் அளவை மாற்றினால் இன்னொன்று எப்படி மாறுகிறது என்று அந்தக் கணமே காட்டுவது. கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் மாதிரி கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது. வகுப்பு முழுவதும் இப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரே நேரத்தில் அறிவது. இந்த மூன்றில் ஒன்றுக்குப் பயன்படாத கருவியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. அதுதான் முக்கியம். திரையில் எதுவும் நகர்வதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் பார்க்கிற பிள்ளை, காட்டியதற்கெல்லாம் தலையாட்டும்; ஏற்கெனவே மனதில் இருக்கும் தவறான எண்ணம் அப்படியே இருக்கும். பேனாவால் எழுதிவிட்ட பிள்ளைக்கு, தான் சொன்னது சரியா என்று தெரிந்தாக வேண்டும். அந்தத் தவிப்போடு பார்க்கும்போதுதான் பாடம் மனதில் பதிகிறது.

பத்தாம் வகுப்பு 'மின்னோட்டவியல்' பாடத்தை எடுத்துக்கொள்வோம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு. சூத்திரத்தை ஒப்பிக்கிற பிள்ளைகளிடமும் இரண்டு தவறான எண்ணங்கள் ஆழமாக இருக்கும். முதல் பல்பு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் 'தின்றுவிட்டு' மீதியைத்தான் அடுத்ததற்கு அனுப்புகிறது என்பது ஒன்று. பேட்டரி எந்தச் சுற்றிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் தரும் என்பது மற்றொன்று. ஆகவே கேள்வியை இவற்றைக் குறிவைத்தே அமைக்க வேண்டும்:

ஒரு பேட்டரியில் ஒரு பல்பு எரிகிறது. அதே மாதிரி இன்னொரு பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்தால் என்ன ஆகும்? ஏ: முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரியும். பி: இரண்டாவதுதான் பிரகாசமாக எரியும். சி: இரண்டும் ஒரே மாதிரி, ஆனால் முன்னைவிட மங்கலாக எரியும். டி: இரண்டும் முன்னைப் போலவே எரியும்.

தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உண்மையிலேயே நம்பக்கூடியதாக இருக்கிறது, கவனியுங்கள். சும்மா இடம் நிரப்புவதற்காக ஒரு விடையைப் போட்டால் அதை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், உங்களுக்கும் எதுவும் தெரியவராது.

விடைகளைத் திரட்ட பிளிக்கர்ஸ் நல்ல கருவி. பிள்ளைகளிடம் எந்தச் சாதனமும் தேவையில்லை. ஆசிரியரின் ஒரு செல்போன் போதும். இணையதளத்திலிருந்து அட்டைகளை இறக்கி அச்சிட வேண்டும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்புக் கட்டப் படம், நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைப் பிடிக்கும். போன் கேமராவை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினால், யார் என்ன விடை என்று செயலி படித்துக்கொள்ளும். ஒவ்வொரு அட்டையின் படமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்பிப் பிடிக்க முடியாது. எழுத்தும் சின்னதாகத்தான் இருக்கும்.

இதில் சிக்கல் பெரும்பாலும் அட்டையில்தான் வரும். பளபளப்பான லேமினேஷன் போட்டால் ட்யூப்லைட்டோ ஜன்னலோ அதில் பிரதிபலித்து கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும். லேமினேஷன் வேண்டுமென்றால் பளபளப்பில்லாத வகை, இல்லையென்றால் கெட்டிக் காகிதமே போதும். கறுப்புப் பகுதி மேல் விரல் பட்டால் அட்டை படிக்கப்படாது; வெள்ளை ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். ஜெராக்ஸ் இயந்திரத்தில் மை குறைந்து கறுப்பு சாம்பல் நிறமாக வந்திருந்தால் அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். வருகைப்பதிவேட்டு எண்ணையே அட்டை எண்ணாகக் கொடுத்து, அட்டையைப் பாடநூலின் பின்னட்டைக்குள் ஒட்டிவிட்டால் தினமும் விநியோகிக்கும் நேரம் மிச்சம். செயலியில் பிள்ளையின் பெயருக்குப் பதில் எண்ணை மட்டும் போடுங்கள். இலவசக் கணக்கில் சில வரம்புகள் உண்டு. ஒரு பீரியடுக்கு இரண்டு கேள்விக்கு மேல் தேவைப்படாது என்பதால் அவை தடையாக இருக்காது.

போனில் நெட் இல்லாத நாளில் விரல்கள் இருக்கின்றன. கண்ணை மூடச் சொல்லி, நெஞ்சுக்கு நேரே ஒன்று முதல் நான்கு வரை விரல் காட்டச் சொன்னால் போதும். பதிவு இருக்காது, ஆனால் வகுப்பின் மனநிலை தெரிந்துவிடும்.

முதல் வாக்கெடுப்பு முடிந்ததும் எது சரி என்று சொல்லாதீர்கள். முடிவு வரைபடத்தையும் திரையில் காட்டாதீர்கள். காட்டினால் பெரும்பான்மை பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் தம் வகுப்புகளில் வளர்த்தெடுத்த முறை இந்த இடத்தில் கைகொடுக்கும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காடு பேர் சரியாகச் சொல்லியிருந்தால், வேறு விடை சொன்ன ஒருவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு மறுபடி வாக்கெடுக்க வேண்டும். 30க்குக் கீழே என்றால் கருத்தே போய்ச் சேரவில்லை, திரும்ப நடத்த வேண்டும். 70க்கு மேலே என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். வாதாடும் அந்த மூன்று நிமிடம் வகுப்பு சந்தைக்கடையாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்போது திரை. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் ஃபெட். பி, எச், இ, டி என்ற நான்கு எழுத்துகளை இட்டுத் தேடினால் கிடைக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம், விளம்பரமும் இல்லை. அதில் 'சர்க்யூட் கன்ஸ்ட்ரக்ஷன் கிட்: டிசி' என்ற சிமுலேஷனைத் (சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரி) திறந்து, லேப் திரைக்குப் போங்கள். பேட்டரி, பல்பு, கம்பி ஆகியவற்றை இழுத்துப் போட்டு முனைகளை ஒட்டினால் சுற்று தயார். பேட்டரியைத் தொட்டால் கீழே ஒரு ஸ்லைடர் வரும். 9 வோல்ட் வையுங்கள். பல்பின் மின்தடை 10 ஓம். அம்மீட்டரைச் சுற்றில் சேர்த்தால் 0.9 ஆம்பியர் காட்டும். பிள்ளைகள் நோட்டில் ஓம் விதிப்படி போட்ட கணக்கும் அதுவேதான்.

இரண்டாவது பல்பைத் தொடரில் சேர்க்கும் முன் ஒரு நொடி நிறுத்துங்கள். 'சி சொன்னவர்கள் கை தூக்குங்கள்' என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். இரண்டும் ஒரே அளவில் மங்கும். அம்மீட்டர் 0.45 ஆம்பியர். இன்னோர் அம்மீட்டரை இரண்டு பல்புகளுக்கும் நடுவில் சேர்த்தால் அதுவும் 0.45. மூன்றாவது இடத்தில் வைத்தாலும் 0.45. 'தின்றுவிடுகிறது' என்ற எண்ணம் இங்கேதான் உடைகிறது. ஆகவே அம்மீட்டரை இடம் மாற்றி மாற்றி வைப்பதை அவசரப்படாமல் செய்யுங்கள்.

கூர்மையான பிள்ளை ஒன்று இங்கே ஒரு கேள்வி கேட்கும்: மின்னோட்டம் பாதியானது சரி, வெளிச்சம் ஏன் பாதிக்கும் மிகக் கீழே போனது? மின்திறனைக் கணக்கிடச் சொல்லுங்கள். முன்பு 0.9 × 0.9 × 10, அதாவது 8.1 வாட். இப்போது ஒவ்வொன்றுக்கும் 0.45 × 0.45 × 10, ஏறத்தாழ 2 வாட். கால்பங்கு. மின்னோட்டத்தின் வர்க்கம் என்ற சொல்லுக்கு உயிர் வரும் இடம் இது.

அடுத்து பக்க இணைப்பு. மறுபடியும் ஊகம், மறுபடியும் எழுத்து. சேர்த்துப் பார்த்தால் இரண்டு பல்பும் முழு வெளிச்சத்தோடு எரியும், பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டம் 1.8 ஆம்பியராக ஏறியிருக்கும். பேட்டரி எப்போதும் ஒரே அளவுதான் தரும் என்ற நம்பிக்கைக்கு இது பதில். நேரமிருந்தால் 'அட்வான்ஸ்டு' பகுதியைத் திறந்து பேட்டரியின் அகமின்தடையை 2 ஓம் ஆக்குங்கள். ஒற்றைப் பல்புக்கு 9 ÷ 12, அதாவது 0.75 ஆம்பியர். இரண்டாவதைப் பக்கத்தில் சேர்த்தால் மொத்தம் 9 ÷ 7, சுமார் 1.29 ஆம்பியர், ஒவ்வொன்றுக்கும் 0.64 மட்டும். இப்போது முதல் பல்பு மங்குகிறது. மோட்டார் போட்டவுடன் வீட்டில் லைட் ஒரு கணம் மங்குவதைப் பார்த்திராத பிள்ளை இருக்காது. அங்கே மின்தடை இருப்பது வீட்டுக்கு வரும் கம்பியிலும் மின்மாற்றியிலும். நடப்பது இதே விஷயம்தான்.

சிமுலேஷன் புதிய தவறான எண்ணங்களையும் விதைக்கும், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் கம்பியில் விறுவிறுவென ஓடுவது போலக் காட்டுகிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு விநாடிக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. சுவிட்ச் போட்டதும் பல்பு எரிவது, சுற்று முழுவதும் இருக்கிற எலக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நகரத் தொடங்குவதால். அதே போல, அம்மீட்டரைத் தவறுதலாக பேட்டரிக்குக் குறுக்கே வைத்தால் திரையில் தீ எரியும், ரீசெட் பொத்தானை அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். நிஜத்தில் கம்பி சுடும், கருவி கெடும். திரையில் ஒருமுறை வேண்டுமென்றே தவறு செய்து காட்டிவிட்டு, ஆய்வகத்தில் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

பீரியடின் கடைசி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தை நிஜ பல்புக்கு ஒதுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். 1.5 வோல்ட் செல் இரண்டு, 2.5 வோல்ட் டார்ச் பல்பு இரண்டு, ஹோல்டர், மின்கம்பி. பல்பு கேட்கும்போது 'இழை உள்ள பழைய வகை' என்று கேட்டு வாங்குங்கள். இப்போது கடையில் கைக்கு வருவது எல்இடி. வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும் என்பதால், இரண்டு செல்லில் இரண்டைத் தொடரில் போட்டால் ஒன்றும் எரியாது. பிள்ளைகள் தொடரிணைப்பே வேலை செய்யாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இழை பல்பிலும் எண்கள் சிமுலேஷனோடு அப்படியே ஒத்துப்போகாது. இழை சூடேறினால் மின்தடை கூடும், பழைய செல்லின் அகமின்தடை அதிகம், ஹோல்டர் தளர்ந்திருக்கும். ஏன் ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகளையே காரணம் சொல்ல வைத்தால் அதுவே நல்ல வீட்டுப்பாடம்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபட மென்பொருள். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தொடங்கியது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். இருபடிச் சமன்பாட்டின் மூலங்களின் தன்மையை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உள்ளீட்டுப் பெட்டியில் ஒய் = எக்ஸ் வர்க்கம் − 4எக்ஸ் + சி என்று இடுங்கள் (வர்க்கத்துக்கு, ஆறாம் எண்ணின் மேலிருக்கும் கூரைக்குறியை இட்டுப் பிறகு 2). சி என்ற எழுத்துக்கு மதிப்பு இல்லாததால் செயலி தானாகவே ஒரு ஸ்லைடரை உருவாக்கும். அது −5 முதல் 5 வரை 0.1 அளவில் நகரும். அமைப்புக்குள் போய் 0 முதல் 8, நகர்வு அளவு 1 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

சி = 3 என்றால் பரவளையம் எக்ஸ் அச்சை 1, 3 ஆகிய இடங்களில் வெட்டும். சி = 5 என்றால் அச்சைத் தொடாமலே மேலே நிற்கும். நடுவில் எங்கே 'தொட்டும் தொடாமல்' இருக்கும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். 4 என்று வரும். பிறகு தன்மைக்காட்டியைக் கரும்பலகையில் கணக்கிடுங்கள்: 16 − 4சி. சி = 4 ஆகும்போது பூச்சியம்.

இங்கே நின்று நிதானிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. நகர்வு அளவை 0.01 ஆக்கி சி = 3.99 வையுங்கள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் வளைவரை அச்சைத் தொடுவது போலவே இருக்கும். 'மூலங்கள் சமமா?' என்று கேட்டால் பெரும்பாலானோர் ஆம் என்பார்கள். பெரிதாக்கிக் காட்டுங்கள்: 1.9இலும் 2.1இலும் வெட்டுகிறது. கண் சொல்வதை நம்பக்கூடாது, கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்கிறது. இதே போல எக்ஸ் வர்க்கத்தின் கெழுவையும் ஏ என்று வைத்து 2இலிருந்து −2 வரை நகர்த்துங்கள். பூச்சியத்தைக் கடக்கும் கணத்தில் வளைவரை நேர்கோடாகிவிடும். 'ஏ பூச்சியமாக இருக்கக்கூடாது' என்று பாடநூல் ஏன் ஒவ்வொரு முறையும் சொல்கிறது என்பதற்கு வேறு விளக்கமே வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜியோஜீப்ராவின் எழுத்து அளவு இயல்பாகச் சிறியது. அமைப்பில் 24 அல்லது 28 புள்ளிக்கு ஏற்றினால்தான் பின்வரிசைக்குத் தெரியும். மற்றது, புரொஜெக்டரின் அகல-உயர விகிதம் தவறாக இருந்தால் வடிவங்கள் எல்லாம் நசுங்கும். வகுப்பு தொடங்கும் முன் 3 அலகு ஆரமுள்ள ஒரு வட்டத்தை வரைந்து பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால், அச்சுகளின் விகிதம் 1:1ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரி என்றால் புரொஜெக்டர் அமைப்பை மாற்ற வேண்டும். பொதுத்தேர்வில் எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்விக்குக் கையால்தான் வரைய வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தாளில் ஒன்றைப் பிள்ளைகள் வரைந்து முடித்த பிறகு திரைக்கு வருவதே சரியான வரிசை.

தமிழாசிரியர்களுக்குச் சிமுலேஷன் தேவையில்லை. அவர்களுக்கான பெரும் புதையல் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். திருக்குறளின் யூனிகோடு கோப்பைத் திறந்துகொள்ளுங்கள். யூனிகோடுக்கு முன்பு புழங்கிய டிஸ்கி குறியாக்கக் கோப்பைத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியும். அதே நூலுக்கு யூனிகோடு வடிவமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது வகுப்பிடம் ஒரு கேள்வி: 'எழுத்து' என்ற சொல் திருக்குறளில் எங்கெல்லாம் வருகிறது? முதல் குறளிலேயே இருக்கிறதே என்பார்கள் பிள்ளைகள். தேடல் பெட்டியில் 'எழுத்து' என்று இட்டுத் தேடுங்கள். முதல் குறள் வராது. 392ஆம் குறளும் வராது. ஒன்றில் இருப்பது 'எழுத்தெல்லாம்', மற்றதில் 'எழுத்தென்ப'. உயிரெழுத்து வந்து சேர்ந்ததும் சொல்லின் கடைசி உகரம் போய்விட்டது. கணினிக்கு அந்தச் சொல் அங்கே இல்லை. குற்றியலுகரப் புணர்ச்சியை விதியாக மனப்பாடம் செய்த பிள்ளைகள், அந்த விதி தெரியாத இயந்திரம் தடுமாறுவதைப் பார்க்கிறார்கள். 'அப்படியென்றால் எப்படித் தேட வேண்டும்?' என்று கேளுங்கள். 'எழுத்' என்று நிறுத்தித் தேடினால் இரண்டும் கிடைக்கும். 'ஒருவற்கு' என்று தேடும்போது 'கல்வி யொருவற்கு' என்று அச்சிட்ட இடம் தப்பிப்போவது உடம்படுமெய்க்கு எடுத்துக்காட்டு. வேற்றுமை உருபு ஏறினால் என்ன ஆகும், வல்லினம் மிகுந்தால் என்ன ஆகும் என்று ஒரு வாரத்துக்கு இலக்கணம் நடத்தலாம். பிள்ளைகளே தேடுசொற்களை வடிவமைக்கட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே என்றால், வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் நல்ல தேர்வு. உங்கள் ஊரை இடமாக வைத்து, மாலை 7 மணிக்கு நேரத்தை நிறுத்தி, நாளை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். வளர்பிறை தினமும் ஏறத்தாழ 12 பாகை கிழக்கே நகர்வதும், பெரிதாவதும் ஒன்றாகத் தெரியும். அமாவாசை முடிந்து மூன்று நான்கு நாள் கழித்து இந்தப் பாடத்தை வைத்தால் அன்று மாலையே மொட்டைமாடியில் சரிபார்க்கலாம்.

இனி, இணையம். வகுப்பு நேரத்தில் இணையம் வரும் என்று நம்பிப் பாடம் திட்டமிடாதீர்கள். ஃபெட்டின் ஹெச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பென் டிரைவில் வைத்து குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் திறந்தால் நெட் இல்லாமலே ஓடும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஓடாது. ஜியோஜீப்ராவுக்கும் ஸ்டெல்லேரியத்துக்கும் கணினியில் நிறுவும் வடிவம் உண்டு. மதுரைத் திட்டக் கோப்பையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம். 2018-19இலிருந்து வந்த நம் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பகுதி உண்டு. படிப்படியான குறிப்பும் க்யூஆர் கோடும் இருக்கும். அதில் சில சுட்டிகள் திறக்காமல் போவதற்கு ஒரு காரணம், ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தியது. அந்தச் செயல்பாட்டின் பெயரையே இட்டுத் தேடினால் பல நேரம் ஹெச்டிஎம்எல்5 வடிவம் கிடைத்துவிடும்.

கோப்பாகக் கையில் இருக்கும் கருவியை நம்பலாம். நிறுவனத்தின் சர்வரில் மட்டும் இருக்கும் கருவி எந்த நாளிலும் போய்விடும். கூகுளின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 இறுதியில் மூடப்பட்டது. அதை நம்பிப் பாடம் கட்டியவர்கள் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் தனித்தனியாக மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டிய கருவிகளையும் தவிர்ப்பதே நல்லது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஒருவரிப் பதிலைத் தானாகத் திருத்தும்படி வைத்தால், நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்தால்தான் மதிப்பெண் விழும். 'மின்தடை', 'மின் தடை', 'மின்தடை.' மூன்றும் மூன்று விடைகள். ஏற்கத்தக்க வடிவங்களை எல்லாம் விடைப்பட்டியலில் சேர்க்க வேண்டும், அல்லது கேள்வியை எண் விடை வரும்படி மாற்ற வேண்டும். எண் என்றால் சரிபார்ப்பில் 'எண் மட்டும்' என்று கட்டுப்படுத்தி, அலகைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள்.

மொழி பற்றி ஒன்று. ஃபெட் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழாக்கம் உள்ள சிமுலேஷன்கள் வரும். எல்லாம் தமிழில் இல்லை. இருப்பவற்றிலும் கலைச்சொல் நம் பாடநூலோடு ஒத்துப்போகிறதா என்று வகுப்புக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு சொல்லும் நூலில் வேறு சொல்லும் இருந்தால், இரண்டையும் கரும்பலகையின் ஓரத்தில் அருகருகே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். மொழிபெயர்ப்பு முழுக்கத் தன்னார்வலர்கள் செய்வது. ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர் கணக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்ததும் அவர்களது மொழிபெயர்ப்புப் பக்கத்தில் ஆங்கிலச் சொற்றொடர்கள் வரிசையாக இருக்கும். பக்கத்துப் பெட்டியில் தமிழை இட்டு, சிமுலேஷனில் எப்படித் தெரிகிறது என்று சோதித்துவிட்டு அனுப்பலாம். தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிட நீளமாக இருந்தால் பொத்தானுக்குள் எழுத்து சுருங்கிவிடும் என்பதை மட்டும் கவனியுங்கள். பாடநூலின் கலைச்சொல் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமையில் ஒரு சிமுலேஷனை முடித்துவிடலாம். அடுத்த வாரம் வகுப்பில் அதையே பயன்படுத்தலாம்.